வியாழக்கிழமை வாங்கோ

எண்பத்தெட்டு வருட வெயிலுக்கும் மழைக்கும், மாறி மாறி வந்த ஆமிகளுக்கும், எண்ணி முடியாத ஷெல்லடிக்கும் அசையாமல் நின்ற பெயர்ப்பலகையை, ஒரு திங்கட்கிழமை காலை ஒன்பதே காலுக்கு நான் தனியொருவனாக விழுத்தினேன். ஆயுதம்: லான்ட்மாஸ்டர். கியர்: ரிவேர்ஸ்.

லான்ட்மாஸ்டர் என்கிற இரண்டு சில்லு உழவு மெசினின் பெட்டியைப் பின்னுக்குத் தள்ளுவதில் ஒரு சூட்சுமம் உண்டு. கைப்பிடியை இடப்பக்கம் திருப்பினால் பெட்டி வலப்பக்கம் போகும். இது எனக்கு இருபத்திரண்டு வருடங்களாகத் தெரியும். என்னுடைய கைகளுக்குத்தான் இன்னும் யாரும் சொல்லவில்லை. நாற்பது கேஸ் ஜிஞ்சர் பியருடன் பெட்டி போய் வாசல் தூணைச் செல்லமாக ஒரு இடி இடித்தது. தூண் நின்றது. பலகை முன்னுக்குச் சாய்ந்து, கொஞ்சம் யோசித்து, றோட்டில் குப்புற விழுந்து இரண்டாகியது.

சவர்க்காரக் கொட்டிலிலிருந்து செல்வரட்ணம் அண்ணை கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். நாற்பது வருடமாக இங்கே வேலை செய்கிறவர். விழுந்து கிடந்ததைச் சுற்றி வந்து பார்த்தார்.

"பொம்மர் பிளேன் சுத்தின நேரங்கூட உது ஆடினதைக் கண்டறியன்" என்றார். "உனக்கு நல்ல கைராசி, கோகுலன்."

பலகையில் இருந்தது இவ்வளவுதான்: ஏரம்பு அன் சன்ஸ், கோண்டாவில், ஸ்தாபிதம் 1936. அதற்குக் கீழே, சோடா, சவர்க்காரம், மெழுகுதிரி முதலியன. இந்த 'முதலியன' என்ற சொல்லுக்குள்தான் நாங்கள் முப்பத்தொரு பேர் குடியிருந்தோம். 'சன்ஸ்' என்ற சொல்லுக்குள் யாரும் இருக்கவில்லை. ஏரம்பருடைய மூத்த மகன் 1958இலேயே லண்டனுக்குக் கப்பலேறிவிட்டார். இளையவர் கொழும்பில் பெண்ணெடுத்து அங்கேயே கரைந்துபோனார். கொம்பனியை இழுத்துக்கொண்டு வந்தவர் கடைக்குட்டி மகள் பாலேஸ்வரி. எங்களுக்கு பாலேஸ் அக்கா. வயது எழுபத்திரண்டு, கலியாணம் கட்டவில்லை, இரண்டு முழங்காலும் தேய்ந்துவிட்டன, ஞாபகசக்தி மட்டும் தேயமாட்டேன் என்கிறது.

கந்தோர் அறைக்குள் போய் அவருடைய மேசைக்கு முன்னால் நின்றேன்.

"அக்கா, பலகை..."

"யன்னலுக்காலை கண்டனான்."

"சம்பளத்திலை வெட்டுவியளோ?"

"தேத்தண்ணி குடிச்சிட்டீரோ?"

பாலேஸ் அக்காவிடம் கேள்வி கேட்டால் இப்படித்தான். 'எங்கை போறியள்' என்று கேட்டால் 'உதிலை ஒருக்கா' என்று சொல்கிற ஊர் எங்களுடையது. நேரே பதில் சொன்னால் போகிற காரியம் கெட்டுவிடும் என்று நம்புகிற சனம். அந்தச் சனத்துக்குள்ளேயே அக்காவின் திறமையை வேறு யாரிடமும் நான் கண்டதில்லை. நான் 2002இல் கணக்கெழுதுகிற தற்காலிக லிகிதராகச் சேர்ந்தேன். நிரந்தரமாக்குவீர்களா என்று அந்த வருடம் கேட்டேன். "கறிக்கு உப்பு காணுமோ?" என்று கேட்டார். அன்று மதியம் அங்கே சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். உப்பு காணும் என்றேன். இன்னும் தற்காலிகமாகத்தான் இருக்கிறேன்.

ஆனால் அன்று எனக்கு இன்னொரு கேள்வியும் இருந்தது. எனக்கு மட்டுமல்ல, முப்பத்தொரு பேருக்கும். இரண்டு மாதமாக வளவெல்லாம் அதே கதை. அக்காவின் தமக்கை மகன் கோபிசங்கர் கனடாவிலிருந்து ஒவ்வொரு ஞாயிறும் தொலைபேசி எடுக்கிறான், கொம்பனியைத் தனக்கு எழுதித்தரச் சொல்லிக் கேட்கிறான், ஜிஞ்சர் பியரை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதையெல்லாம் மூடப்போகிறான்.

"அக்கா, கொம்பனியை விக்கப்போறியளோ?"

அக்கா மூக்குக்கண்ணாடியைக் கழற்றிச் சேலைத்தலைப்பில் துடைத்தார்.

"புதுப்பலகை எழுதுவியும். இந்தமுறை முதலியன கிதலியன ஒண்டும் வேண்டாம். என்னென்ன செய்யிறமோ அவ்வளவும் எழுதவேணும். வியாழக்கிழமை கோபி வாறான்."

"கனடாவிலையிருந்தோ? என்னெண்டு திடீரெண்டு?"

"நான்தான் சொன்னனான்" என்றார் அக்கா. முகம் கொஞ்சம் கறுத்திருந்தது. "போன ஞாயிறு 'என்ன சின்னம்மா முடிவு' எண்டு நெருக்கிப்போட்டான். 'வியாழக்கிழமை வாவன்' எண்டு சொன்னன்."

"அக்கோய்! அவர் உண்மையாத்தான் எண்டு நினைச்சு ரிக்கெற் எடுத்திட்டாரோ?"

"எடுத்திட்டான்."

இது விளங்குவதற்கு நீங்கள் 1936க்குக் கொஞ்சம் வந்துபோக வேண்டும்.

ஏரம்பர் சோடா மெசின் ஒன்றுடன் இந்த வளவில் தொழில் தொடங்கிய முதல் வருடம், தொண்டைமானாற்றுச் சந்நிதிக் கோயிலுக்கு நடையாகப் போன ஒருவர் வாசலில் நின்று தாகத்துக்கு ஒரு சோடா கேட்டிருக்கிறார். ஏரம்பரிடம் ஒரு போத்தல் இருந்தது. அதைத் தான் குடிப்பதற்கு வைத்திருந்தார். ஆகவே "இல்லை" என்றார். அன்று பின்னேரம் கொட்டிலில் அடுக்கியிருந்த போத்தல்கள் ஒன்றன்பின் ஒன்றாக வெடிக்கத் தொடங்கின. வெக்கைக்குச் சோடாப்போத்தல் வெடிக்கும் என்பது எட்டாம் வகுப்பு விஞ்ஞானம். ஏரம்பர் ஐந்தாம் வகுப்புடன் நின்றவர். அடுத்த நாளே சந்நிதிக்குப் போய் நேர்ந்துகொண்டார்: இனி இந்த வளவின் நாலு மதிலுக்குள்ளும் 'இல்லை' என்ற சொல் ஒருவர் வாயிலும் வராது.

அன்றிலிருந்து யார் வந்து எதைக் கேட்டாலும் ஒரே மறுமொழி. "வியாழக்கிழமை வாங்கோ." சொல்வது சுலபம். வியாழக்கிழமை அந்த ஆள் வந்து நிற்பாரே! ஆகவே செவ்வாயும் புதனும் தலையைப் பிய்த்து, கேட்டதைச் செய்து வைப்பார்கள். ஒரு பொருளைச் செய்யப் பழகிவிட்டால் பிறகு விடவும் முடியாது, திரும்ப யாராவது கேட்டால் என்ன சொல்வது? பெரிய பெரிய கொம்பனிகள் சந்தை ஆய்வு செய்து பொருள் இறக்குகின்றன. நாங்கள் ஒரு சொல்லைச் சொல்லப் பயந்து இறக்கினோம்.

அந்தக் கட்டுப்பாடு இன்றைக்கும் அப்படியே இருக்கிறது. செல்வரட்ணம் அண்ணையின் மனுசி தொலைபேசியில் "தேங்காய் வாங்கிப்போட்டியளோ" என்று கேட்டால், அண்ணை தொலைபேசியைக் காதில் வைத்தபடி படலையைத் தாண்டி ஓடி, றோட்டில் நின்று "இல்லை" என்று சொல்லிவிட்டுத் திரும்பி வருவார். மழைநாளில் குடையும் எடுத்துக்கொண்டு ஓடுவார். நான் இதை என்னுடைய வீட்டிலிருந்து எழுதுகிறேன். ஆகவே அந்தச் சொல்லைத் தாராளமாகப் பாவிக்கிறேன். குறை நினைக்க வேண்டாம்.

செவ்வாய்க்கிழமை கொப்பியும் பேனையுமாக வளவைச் சுற்ற வெளிக்கிட்டேன். இருபத்திரண்டு வருடம் வேலை செய்த இடத்தில் என்னென்ன செய்கிறார்கள் என்று கேட்டு எழுதுவதில் வெட்கப்பட எதுவும் கிடையாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

"அண்ணை, இஞ்சை சவர்க்காரத்தை விட வேறை என்னென்ன செய்யிறியள்?"

"ஆர் கேக்கச் சொன்னது?" என்றார் செல்வரட்ணம் அண்ணை.

"அக்கா. பலகைக்கு."

"பலகைக்கோ, ஆக்களைக் குறைக்கவோ?"

"எனக்கெப்பிடித் தெரியும்?"

"அப்ப எனக்கும் தெரியாது. எழுதிக்கொள்: செல்வரட்ணம், தெரியாது."

கெஞ்சி மன்றாடித்தான் வாங்கினேன். சவர்க்காரம் மூன்று வகை. உடுப்புக்கு நீலம். பிறகு மெழுகுதிரி. நெற்றியில் மூன்று விரல் அகலத்துக்குத் திருநீறு பூசுகிற செல்வரட்ணம் அண்ணைதான், நாற்பது வருடமாகக் குருநகர்க் கோயில்களுக்கு உயிர்ப்புப் பெருவிழாத் திரி வார்க்கிறவர். அடுத்த கொட்டிலில், கழுத்தில் செபமாலையுடன் அருமைநாயகி அக்கா. குருநகரிலிருந்து காலைப் பஸ்சில் வருகிறவர். அவருடைய பகுதி திருநீறும் கற்பூரமும். இது ஏதோ சமய ஒற்றுமைக்காகச் செய்த ஏற்பாடு என்று ஒருமுறை ஒரு பத்திரிகைக்காரர் எழுதினார். உண்மையில், அவரவர் வேலைக்கு வந்த நாளில் எந்த வாங்கு வெறுமையாக இருந்ததோ அதில் இருத்திவிட்டார்கள்.

"அக்கா விக்கப்போறாவாமோ?" என்று அருமைநாயகி அக்கா என்னிடம் கேட்டார். திருநீறு அரிக்கிற கை நிற்கவில்லை. "எனக்கு அறுபத்தொண்டு. இனி என்னை ஆர் எடுப்பினம்? துறைமுகத்திலை கருவாடு காயவைக்கத்தான் போகவேணும்."

"கேட்டுச் சொல்லுறன்."

"நீ கேட்டு எந்தக் காலத்திலை அவ சொன்னவ?"

சுற்றச் சுற்ற எனக்கே தலை சுற்றியது. பள்ளிக்கூடச் சோக்கும் பற்பொடியும் ஒரே மாவில் தொடங்கி, கராம்பு சேருமிடத்தில் பிரிகின்றன. ஊதுபத்தியும் நுளம்புத்திரியும் ஒன்றைவிட்ட சகோதரங்கள். மீன் மணம் பட்டாலே தலைமுழுகுகிற ஏரம்பர் குடும்பம், அறுபது வருடமாகத் தூண்டிலுக்கு ஈயம் வார்க்கிறது. அளவெட்டித் தவில்காரர் விரலில் போடுகிற கூட்டுக்கு ஒரு பசை. அதைக் கிண்டுகிற நாளில் வளவில் ஒருவரும் பெலத்துக் கதைக்கக்கூடாது, கட்டிபட்டுவிடும் என்று ஒரு நம்பிக்கை. பட்டம் ஒட்டுவதற்கு வேறு பசை. மாட்டுக்கு உண்ணி எண்ணெய். மனிதருக்கு நோவெண்ணெய். இரண்டும் ஒரே நிறம், ஆகவே போத்தல் மட்டும் வேறு. சைக்கிள் பிரேக் கட்டை. கிணற்றுக் கப்பிக்கு மசகு. பொருளாதாரத் தடை இருந்த காலத்தில் சொட்டு மண்ணெண்ணெயில் எரிகிற விளக்கு, அதைக்கூட இன்னும் செய்கிறார்கள். யாரோ கனடாக்காரர் வந்து ஞாபகத்துக்கு வாங்குகிறார்களாம். நாங்கள் வெளிச்சத்துக்கு எரித்தது அங்கே கண்ணாடி அலுமாரிக்குள் வெளிச்சமில்லாமல் நிற்கிறதாம்.

நாற்பத்திரண்டு வந்தது. கொப்பியை மூடினேன். பிறகு திறந்தேன். ஒன்றை நான் எழுதவில்லை. அது என்னுடைய பகுதி.

1988 வாக்கில், காலொன்றை இழந்த ஒருவர் ஊன்றுகோலுடன் வந்து ஏரம்பரிடம் கேட்டிருக்கிறார்: "ஐயா, ஒற்றைச் செருப்பு இருக்கோ? சோடியா வாங்கினா மற்றதைப் பாக்கப் பாக்க விசராக்கிடக்கு." ஏரம்பருக்கு அப்போது எண்பது வயது. "வியாழக்கிழமை வாங்கோ" என்றார். வெட்டிக் கொடுத்தார். மற்றச் செருப்பை எறிய மனம் வரவில்லை, ஒரு கயிற்றில் கொழுவிவிட்டார். அதற்குப் பிறகு வந்த வருடங்களில் அந்தக் கயிறு நீண்டுகொண்டே போனது. ஏன் என்று நான் சொல்லத் தேவையில்லை.

நான் வந்து சேர்ந்தபோது, "லிகிதர்தானே, உதை ஒருக்கா ஒழுங்குபடுத்தும்" என்று அக்கா அந்தக் கயிற்றைக் காட்டினார். நான் ஒரு கொப்பி போட்டேன். பெயர், ஊர், இடதா வலதா, எத்தனையாம் நம்பர், விரும்பும் நிறம். மீசாலையில் ஒருவருக்கு இடது எட்டு வேண்டும், குருநகரில் ஒருவருக்கு வலது எட்டு வேண்டும் என்றால், இருவருக்கும் சொல்லி ஒரே வியாழக்கிழமையில் வரவழைப்பேன். ஒரு சோடியை வெட்டி, ஆளுக்கொன்று. கயிற்றில் ஒன்றும் தனியாகத் தொங்காது. கலியாணத் தரகர் சாதகம் பார்ப்பதுபோல்தான், இங்கே செவ்வாய்க் குற்றம் பார்க்கத் தேவையில்லை. நாற்பத்தாறு வயதாகியும் எனக்கொன்று பொருந்தவில்லை. இதுவரை பதினேழு சோடி சேர்த்து வைத்திருக்கிறேன். இரண்டு சோடி தங்களுக்குள் சண்டைபிடித்துப் பிரிந்துபோயின. மற்றவை நன்றாகவே இருக்கின்றன.

இதை எழுதினால் அந்தக் கனடாக்காரன் சிரிப்பான், முதலில் வெட்டுப்படப்போவதும் இதுதான் என்று நினைத்தேன். எழுதாமல் விட்டால், அக்கா கேட்ட 'அவ்வளவும்' வராது. ஆகவே ஒரு வீரனைப்போல, கடைசி வரியில், மூலையில், மற்றவற்றிலும் சின்ன எழுத்தில் எழுதச் சொன்னேன்.

பலகை எழுதிய ஜெரிசனுக்கு நாற்பத்துமூன்றும் பிடிக்கவில்லை. நல்லூரில் பிளெக்ஸ் அடிக்கிற கடை வைத்திருப்பவன், கடைசியாகத் தூரிகை பிடித்துப் பத்து வருடமாம்.

"அண்ணை, இது பெயர்ப்பலகையோ, மருந்துப்பெட்டிக்குள்ளை மடிச்சு வைக்கிற துண்டோ?"

"எழுது. சனம் கிட்ட வந்து வாசிக்கட்டும்."

"றோட்டு நடுவிலை நிண்டு வாசிச்சால் பஸ் அடிக்கும்."

புதன்கிழமை பின்னேரம் பலகையைத் தூணில் ஏற்றிவிட்டு, திரும்பவும் கந்தோருக்குள் போனேன். அக்கா தகப்பனுடைய படத்துக்குக் கீழே இருந்து முழங்காலுக்கு எங்களுடைய நோவெண்ணெயைப் பூசிக்கொண்டிருந்தார். போத்தலைப் பார்த்தேன். மாட்டுப்போத்தல்.

"அக்கா, அது உண்ணி எண்ணெய்."

"தெரியும். உதுதான் கேக்குது."

"அக்கா, எல்லாரும் என்னைப் போட்டுப் பிடுங்கினம். நாளைக்குக் கோபிக்கு என்ன சொல்லப்போறியள்? குடுக்கிறதோ, என்ன மாதிரி?"

எண்ணெய் தேய்த்த கை நின்றது. "எனக்கும் ஏலாமல் வருது, கோகுலன். வாற போற எல்லாருக்கும் ஓம் எண்டு சொல்லிச் சொல்லியே என்ரை முழங்கால் தேய்ஞ்சுபோச்சு. அவன் பாவம், நல்ல பொடியன். கேக்கிறான். எப்பிடி அவனுக்கு மட்டும்..."

அந்த வசனம் அதோடு நின்றது. அப்போதுதான் எனக்குப் பயம் பிடித்தது. எண்பத்தெட்டு வருடமாக இந்த வளவில் வந்து கேட்ட ஒருவரும் வெறுங்கையுடன் போனதில்லை. ஜிஞ்சர் பியர் கேட்டவருக்கு ஜிஞ்சர் பியர், ஒற்றைச் செருப்புக் கேட்டவருக்கு ஒற்றைச் செருப்பு. கொம்பனியைக் கேட்டவருக்கு?

"மழை வரும்போலை கிடக்கு" என்றார் அக்கா. "வெளியிலை நிக்கிற சோடாக் கேசுகளை உள்ளை எடுத்து வையும்."

வானத்தில் ஒரு மேகமும் இருக்கவில்லை. கேசுகளை உள்ளே எடுத்து வைத்தேன்.

வியாழக்கிழமை பத்துமணிக்கு ஒரு வெள்ளை வான் வந்து நின்றது. கோபிசங்கர் இறங்கினான். நாற்பத்தைந்து வயதிருக்கும். அரைக்காற்சட்டை, கறுப்புக்கண்ணாடி, கையில் தண்ணீர்ப் போத்தல். கெட்டவனாக இருப்பான் என்று எதிர்பார்த்துக் காத்திருந்தவர்களுக்கு ஏமாற்றம். இறங்கியவுடன் செருப்பைக் கழற்றிவிட்டு வளவு மண்ணைத் தொட்டுக் கண்ணில் ஒற்றினான். பிறகு மண் கால் சுட்டுத் துள்ளிக்கொண்டு செருப்பைப் போட்டான்.

"அண்ணை, இதுதானே அம்மப்பாவின்ரை போர்ட்?" என்று பலகையைப் பார்த்தான்.

"ஓம் தம்பி, ஐயாவின்ரைதான். நேற்று எழுதினது."

கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு வாசித்தான். நம்மவர்கள் மேலிருந்து கீழே வாசிப்பார்கள். கனடாவில் எந்தக் கடதாசி என்றாலும் கீழே இருக்கிற சின்ன எழுத்தைத்தான் முதலில் வாசிக்கவேண்டுமாம். அதை எனக்கு முன்கூட்டியே யார் சொன்னார்கள்?

"ஒற்றைச் செருப்பா? அண்ணை, பிழையா எழுதிப்போட்டாங்கள். சோடி எண்டெல்லோ வரவேணும்."

நான் வாயைத் திறக்குமுன் ஒரு ஓட்டோ வந்து வானுக்குப் பின்னால் நின்றது. ஓட்டுநர் ஆசனத்தில் குருநகர் எமில்ராஜ். பின்னால் மீசாலை முத்துக்குமாரு ஐயா. எமில்ராஜுக்கு இடதுகால் இல்லை, மிதிவெடி. ஐயாவுக்கு வலதுகால் இல்லை, சீனி வருத்தம். செயற்கைக்கால் ஆளுக்கொன்று வீட்டில் இருக்கிறது. அதைக் கலியாணவீட்டுக்கு மட்டும்தான் போடுவார்கள், அரிக்குமாம். என்னுடைய ஒன்பதாவது சோடி இவர்கள். பதினொரு வருடமாகச் சேர்ந்து வருகிறார்கள், பதினொரு வருடமாக ஒரே சண்டை.

"கோகுலன்! இந்தமுறை நீலம்" என்றான் எமில்ராஜ், ஊன்றுகோலை எடுத்தபடி. "போனமுறை இவருக்காண்டி ஒரு வருசம் சாணி நிறத்திலை போட்டுக்கொண்டு திரிஞ்சனான்."

"அது மண்ணிறமடா. தோட்டத்திலை ஊத்தை தெரியாது" என்றார் முத்துக்குமாரு ஐயா.

"நான் என்ன உன்ரை தோட்டத்துக்கோ வாறன்? நான் ஓட்டோ ஓடுறன். பிரேக்கிலை வைக்கிற கால், வடிவா இருக்கவேண்டாமோ?"

"ஓமோம், பிரேக் வடிவாத்தான் கிடக்கு. சாவகச்சேரியிலை ரெண்டு கோழி."

கோபிசங்கர் இருவரையும் பார்த்தான். இருவருடைய கால்களையும் பார்த்தான். பலகையின் மூலையைப் பார்த்தான். விளங்கிவிட்டது என்பது முகத்தில் தெரிந்தது. கஷ்டப்பட்டான், அதை நான் சொல்லத்தான் வேண்டும். ஆனால் அவன் போன இடத்தில், மனதுக்குக் கஷ்டமான விஷயத்தை உடனே, மரியாதையாக, நேரே சொல்லிவிடவேண்டும் என்று பழக்கியிருக்கிறார்கள்.

அவர்களோடு படலைக்குள் வந்து, "சொறி அங்கிள்" என்றான். "இனி உது இல்லை. நாங்கள் ஜிஞ்சர் பியரிலை மட்டும்தான் ஃபோகஸ் பண்ணப்போறம். மற்றது ஒண்டும் இல்லை."

படலைக்கு உள்ளே நின்று சொன்னான். இரண்டு தரம்.

செல்வரட்ணம் அண்ணையின் கையிலிருந்த அகப்பை கொப்பரைக்குள் விழுந்த சத்தம் கேட்டது. அருமைநாயகி அக்கா திருநீற்றுக் கையால் சிலுவை போட்டுக்கொண்டார். நான் சோடாக் கொட்டிலைத் திரும்பிப் பார்த்தேன், அடுக்கியிருந்த போத்தல்கள் என்ன செய்யப்போகின்றன என்று. எட்டாம் வகுப்பு விஞ்ஞானம் எனக்குத் தெரியும். என்றாலும் பார்த்தேன்.

"என்னவாம் தம்பி?" என்று முத்துக்குமாரு ஐயா காதைக் கொடுத்தார்.

எமில்ராஜ் படலையைப் பார்த்தான், நிலத்தைப் பார்த்தான். ஊன்றுகோலை ஊன்றி இரண்டு எட்டு பின்னுக்குப் போய், றோட்டில் நின்றுகொண்டு சொன்னான்: "இல்லையாம், ஐயா."

"ஏரம்பற்றை வளவிலையோ?"

ஐயாவின் கையில் போன வருடத்துச் செருப்பு இருந்தது. வார் அறுந்து, நூலால் கட்டியது. அதை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல், சட்டைப்பைக்குள் வைக்கப் பார்த்தார்.

கந்தோர்க் கதவு திறந்தது. பாலேஸ் அக்கா வாசற்படியில் நின்றார். எவ்வளவு நேரமாக நின்றார் என்று தெரியாது.

"கோகுலன், அவை ரெண்டுபேருக்கும் வாங்கைப் போடும். தேத்தண்ணி குடும். செல்வரட்ணம், எட்டாம் நம்பர் ஒரு சோடி வெட்டும்." பிறகு, "என்ன நிறம்?" என்று அவர்களைக் கேட்டார்.

"நீலம்" என்றார் முத்துக்குமாரு ஐயா. எமில்ராஜ் அவரை விசித்திரமாகப் பார்த்தான். பதினொரு வருடத்தில் முதல்தடவை.

"கோபி, நீ என்னோடை வா."

கந்தோருக்குள் கூட்டிக்கொண்டு போவார் என்று நினைத்தேன். அக்கா கைத்தடியை எடுத்தார், படியிறங்கினார், வளவின் நடுவால் நடந்தார். நான்கு மாதமாக வீட்டுக்கும் கந்தோருக்கும் இடையில் தவிர வேறெங்கும் நடக்காதவர். கோபி தாங்கப்போனான், கையைத் தட்டிவிட்டார். படலையைத் தாண்டி, வானையும் ஓட்டோவையும் தாண்டி, றோட்டின் மற்றப் பக்கத்தில் இருக்கிற வேப்பமரத்தடியில் போய் நின்றார்கள். பஸ் ஒன்று போனது. லொறி ஒன்று போனது. அக்காவின் வாய் அசைந்தது. கோபி கையை விரித்து விரித்து ஏதோ கேட்டான். அக்காவின் வாய் திரும்பவும் அசைந்தது, இம்முறை மிகச் சுருக்கமாக. ஒரு சொல்லுக்குத் தேவையான அளவு.

முப்பத்தொரு பேரும் வேலை செய்வதுபோல் மதிலோரம் நின்றோம்.

கோபி குனிந்து அக்காவின் காலைத் தொட்டுக் கும்பிட்டான். வந்து வானில் ஏறுமுன் என்னிடம் ஒரு ஜிஞ்சர் பியர் கேட்டான். உடைத்துக் கொடுத்தேன். அரைவாசி குடித்துவிட்டு, மூக்கில் ஏறிய காஸை அடக்கிக்கொண்டு, "நல்ல சாமான் அண்ணை" என்றான். கண் கலங்கியிருந்தது. அது காஸாலா, கதையாலா என்று தெரியவில்லை. வான் போய்விட்டது.

செல்வரட்ணம் அண்ணை என்னை முதுகில் தள்ளினார். "போ. கேள். பலகையை விழுத்தினவன் நீதானே."

படலை வரைக்கும் போனேன். அக்கா வேப்பமரத்தடியில், கைத்தடியை ஊன்றிக்கொண்டு, புதுப்பலகையை அண்ணாந்து வாசித்துக்கொண்டிருந்தார்.

"அக்கா..."

"எழுத்துக் கொஞ்சம் சின்னனாப்போச்சு" என்றார்.

"நான் கேட்டது வேறை. திங்கட்கிழமையும் கேட்டனான், நேற்றும் கேட்டனான். உள்ளை முப்பது பேர் மூச்சுவிடாமல் நிக்கினம். எனக்கு இண்டைக்குத் தேத்தண்ணியும் வேண்டாம், மழையும் வேண்டாம்."

அக்கா கண்ணாடிக்கு மேலால் என்னைப் பார்த்தார். பிறகு என்னுடைய கால்களைப் பார்த்தார். நான் படலைக்கு உள்ளே நின்றேன்.

"வெளியிலை வாரும்."

ஒரு எட்டு வைத்தேன்.

"இன்னும் கொஞ்சம் வாரும். மதில் முடியட்டும்."

றோட்டைக் கடந்து அவருக்குப் பக்கத்தில் போய் நின்றேன்.

"இப்ப கேளும்."

"கொம்பனியைக் குடுத்திட்டியளோ, அக்கா?"

"இல்லை" என்றார் பாலேஸ் அக்கா.